பாடமும் படைப்பும் ஒரே வகுப்பில் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

திருப்பூர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகளுக்கு மேல் இருக்கிறார்கள். பெரும்பாலோரின் பெற்றோர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். செய்யுளை வாசித்துப் பொருள் சொல்லி, நயத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் தேர்வுக்குப் போதும் என்றாகிவிட்டது. கவிதை எழுதச் சொன்னால் எல்லாரும் அம்மா, நிலா, மழை என்று ஒன்றுபோலவே எழுதித் தருகிறார்கள். ஒரு பத்தியைப் பிழையின்றி எழுதத் திணறும் பிள்ளைகளிடம் படைப்பெழுத்தைக் கேட்பது சரிதானா என்ற தயக்கமும் எனக்கு உண்டு. இலக்கியம் கற்பிக்கவும் எழுதப் பழக்கவும் வகுப்பறைக்குள் செய்யக்கூடிய பயிற்சிகளைச் சொல்ல முடியுமா? பிள்ளைகள் எழுதுவதற்கு மதிப்பெண் போடலாமா?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

இலக்கியம் கற்பிப்பதையும் எழுதப் பழக்குவதையும் நீங்கள் இரண்டு வேலைகளாகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே வேலையாக்க வேண்டும் என்பதே என் பதிலின் சாரம். பிள்ளைகள் எழுதப்போவது அன்று அவர்கள் வாசித்த பாடலிலிருந்தே பிறக்க வேண்டும். ‘மழை பற்றி எழுதுக’ என்று தலைப்பை மட்டும் கொடுத்து விட்டுவிட்டால், பள்ளி ஆண்டு விழா மேடையில் கேட்ட வரிகளைத்தான் பிள்ளை திருப்பித் தரும். அதற்குக் கற்பனை இல்லை என்று பொருளில்லை, எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. இறுக்கமான நிபந்தனை ஒன்றைக் கொடுத்தால் பிள்ளை பார்க்கத் தொடங்குகிறது. ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வதும், அந்தாதியாகத் தொடுக்கச் சொல்வதும் நம் புலவர் மரபில் இருந்தவைதானே? காளமேகப் புலவரின் தனிப்பாடல்கள் பல அப்படிக் கேட்கப்பட்டுப் பிறந்தவை என்றே சொல்லப்படுகின்றன.

குறுந்தொகையின் 167ஆம் பாடலிலிருந்து தொடங்குங்கள். கூடலூர் கிழார் பாடியது, ஆறே அடிகள். ‘முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்’ என்று தொடங்கும் அந்தப் பாடலில், புதிதாக மணமான பெண் கட்டித்தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, அதை மாற்றவும் நேரமில்லாமல், தாளிப்புப் புகை கண்ணில் நிறையத் தானே துழாவிப் புளிக்குழம்பு சமைக்கிறாள். கணவன் ‘இனிது’ என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று’.

பொழிப்புரையை முதலில் சொல்லாதீர்கள். பாடலை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள், பிறகு சீர் பிரித்து ஒரு முறை படியுங்கள். கலிங்கம் என்றால் ஆடை, குய் என்றால் தாளிப்பு, அட்ட என்றால் சமைத்த என்று தடுக்கும் சொற்களுக்கு மட்டும் பொருள் கொடுத்துவிட்டுக் கேள்விகளைத் தொடங்குங்கள். இந்தச் சமையலறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இரண்டு பேர் என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். அப்படியானால் இதையெல்லாம் பார்த்துச் சொல்வது யார்? வகுப்பு இங்கே ஒரு கணம் அமைதியாகும், அந்த அமைதியை நீங்கள் அவசரப்பட்டு நிரப்பிவிடக் கூடாது. மகள் குடும்பம் நடத்தும் அழகைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்லும் கூற்று இது என்பதை அதன் பிறகு சொல்லலாம். கணவன் பேசியது எத்தனை சொல்? அவள் என்ன பதில் சொன்னாள்? அவள் மகிழ்ந்தது செவிலிக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி ஒவ்வொரு முறையும் பாடலுக்குள் திரும்பிப் போக வேண்டியிருப்பதால், மனப்பாடம் செய்யச் சொல்லாமலேயே பாதி வகுப்புக்கு அது மனப்பாடமாகிவிடும்.

மறுநாள் எழுதும் வேலை. வீட்டிலோ தெருவிலோ ஒருவர் வேலை செய்வதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்ததாக ஆறு வரி எழுத வேண்டும். எழுதுபவர் அதில் ‘நான்’ என்று வரக்கூடாது. பேச்சு ஒரே ஒரு சொல்தான் இருக்கலாம். உணர்ச்சியைச் சொல்லும் சொல் ஒரே ஒரு முறை, அதுவும் கடைசி வரியில் மட்டுமே வரலாம். இந்த நிபந்தனைகள் எல்லாமே கூடலூர் கிழாரின் பாடலிலிருந்து எடுத்தவை. ‘அன்னையே தெய்வம்’ என்று வழக்கமாக எழுதும் பையன், இங்கே அம்மாவின் கை எங்கே இருந்தது, அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்தாக வேண்டும். ஏன் அவள் மட்டும் சமைக்க வேண்டும் என்று இன்றைய மாணவிகள் கேட்பார்கள். நல்ல கேள்வி, அதைத் தள்ளிவிடாதீர்கள். அதே காட்சியை அந்தப் பெண்ணே சொன்னால் எப்படி இருக்கும் என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். செவிலி பார்த்த மகிழ்ச்சியையே அவளும் சொல்வாளா என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

இதற்கு அடுத்தபடியாகப் பாரி மகளிரின் பாடலை எடுத்துக்கொள்ளலாம். புறநானூற்றில் 112ஆவது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர்கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

நாம் பெரும்பாலும் முல்லைக்குத் தேர் கொடுத்த கதையையும், பறம்பு மலை முற்றுகையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் பாடலுக்கு வருகிறோம். அதனால் பாடலுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை. வரிசையை மாற்றிப் பாருங்கள். இரண்டு நிலவுகளுக்கு நடுவே என்ன நடந்திருக்கும் என்று இந்த ஐந்து அடிகளை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் துப்பறியட்டும். தந்தை இறந்ததும் மலை பறிபோனதும் அவர்களுக்கே கிடைத்துவிடும். பேசுபவர் ஒருவர் அல்லர் என்பதை ‘யாம்’ என்ற சொல்லிலிருந்து யாரேனும் ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். அதன் பிறகு மூவேந்தரின் கதையைச் சொல்லி, ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்பதைப் பழைய உரைகாரர் இகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்கிறார் என்று சொல்லுங்கள். போரில் வெல்ல முடியாமல் வஞ்சித்துக் கொன்றவர்களைப் போய் வென்று முரசறைந்தவர்கள் என்கிறார்களே என்று வகுப்பு திடுக்கிடும். உரை அப்போதுதான் அவர்களுக்கு ஒரு கண்டுபிடிப்பாக வரும். இத்தனை இழப்பைச் சொல்லும் பாடலில் துயரம், கண்ணீர் என்று ஒரு சொல்கூட இல்லை என்பதையும் அவர்களையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதிலிருந்து பிறக்கும் எழுத்துப் பயிற்சி எளியது. அன்றும் இன்றும் மாறாமல் இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றி மாறிப்போனதை ஐந்து வரியில் எழுத வேண்டும். உணர்ச்சிச் சொல் எதுவுமே கூடாது. நிலவுக்குப் பதிலாக ஒரு பேருந்து நிறுத்தமாக இருக்கலாம், பொங்கல் நாளாக இருக்கலாம். உங்கள் ஊரில் நொய்யல் ஓடுகிறது. சாயக்கழிவு கலப்பதற்கு முன்பு அதில் குளித்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னால், பாடவேளைக்கு வெளியிலும் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்.

உங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும் என்று நான் நினைப்பது கருப்பொருள் பட்டியல், அதாவது ஒரு நிலத்துக்கு உரியவற்றின் பட்டியல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியம் சொல்லும் வரிசையை ஐந்திணைக்கும் நிரப்பிக் காட்டி, தேர்வில் எழுதவைத்து முடித்துவிடுகிறோம். அதே கட்டங்களை வெறுமையாகக் கொடுத்து, ‘உன் தெருவுக்கு நிரப்பு’ என்று சொல்லுங்கள். தொழில் என்ற கட்டத்தில் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பவர் டேபிள் என்று எழுதுவார்கள். பறை என்ற கட்டத்துக்குத் தறிச் சத்தத்தையோ, கோயில் ஒலிபெருக்கியையோ கொண்டுவருவார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் அதன் பட்டியல் எல்லாரையும் கவனிக்கவைக்கும். பட்டியலில் உள்ளவற்றில் மூன்றையேனும் பயன்படுத்தி ஒரு கதையின் முதல் பத்தியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். முழுக் கதை இப்போது வேண்டாம். கதையை முடிக்கும் அவசரத்தில்தான் விபத்தும் மரணமும் திடீர் மனமாற்றமும் உள்ளே வந்துவிடுகின்றன.

கதைமாந்தர் பேசும் இடங்களில் பேச்சுத்தமிழைத் தடுக்காதீர்கள். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களையும், பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களையும் அகராதியாகவே தொகுத்திருக்கிறார்கள். உங்கள் வகுப்பும் ஒரு சொல் நோட்டு வைத்துக்கொள்ளலாம். வாரம் ஐந்து சொல் சேர்ந்தாலும் ஆண்டு முடிவில் அது நல்ல தொகுப்பாகும்.

மெய்ப்பாடு எட்டையும், அதாவது உடலில் வெளிப்படும் எட்டு உணர்ச்சிகளையும், வைத்து ஒரு சிறு விளையாட்டு உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு, கிடைத்ததைப் பெயர் சொல்லாமல் நான்கு வரியில் எழுத வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடங்கள் இதற்குப் போதும்.

பாடப்பகுதியை முடிக்க வேண்டிய நெருக்கடி எனக்குப் புரிகிறது. எல்லாச் செய்யுளுக்கும் இப்படிச் செய்ய இயலாது. பருவத்துக்கு மூன்று நான்கு பாடல்களுக்குச் செய்தாலே போதுமானது. பாடநூலில் இயல்தோறும் வரும் ‘மொழியை ஆள்வோம்’ பகுதியின் பயிற்சிகளுக்குப் பதிலாகவோ அவற்றோடு சேர்த்தோ இவற்றை வைத்துக்கொண்டால் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. நயம் பாராட்டலை மட்டும் எப்போதும் கடைசியில் வையுங்கள். மையக் கருத்து, எதுகை, மோனை, அணி என்ற தலைப்புகளை முதலிலேயே எழுதிப்போட்டால், பிள்ளை பாடலை விட்டுவிட்டுத் தலைப்புகளை நிரப்பத் தொடங்கிவிடுகிறது. பாடலோடு இரண்டு நாள் பழகிய பிள்ளைக்கு மோனை தானாகக் காதில் விழும், கைடு இல்லாமலேயே அது நயம் எழுதும்.

பிழைகளைப் பற்றிய தயக்கம் வேண்டாம். ஒற்றுப்பிழையும் லகர ளகர ழகரக் குழப்பமும் இருக்கும் பிள்ளைக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது, சொல்ல விஷயம் இருந்தால்தான் அதைத் திருத்தமாக எழுதும் விருப்பமும் வரும். முதல் எழுத்தில் சிவப்பு மையே படக்கூடாது. நன்றாக வந்த ஒரு வரியின் கீழ்க் கோடிட்டு, ‘இங்கே இன்னும் என்ன பார்த்தாய்?’ என்று ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கொடுங்கள். வகுப்பு முழுவதிலும் திரும்பத் திரும்ப வரும் பிழைகளைத் தனியாகக் குறித்துவைத்து, யார் பிழை என்று சொல்லாமல் இலக்கண வகுப்பில் நடத்துங்கள். இரண்டாம் முறை எழுதும்போது அவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

மதிப்பெண் போட வேண்டாம் என்பதே என் கருத்து. பள்ளி நிர்வாகம் கட்டாயம் கேட்டால், எழுத்தின் தரத்துக்குப் போடாமல், நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததற்கும் இரண்டாம் முறை திருத்தி எழுதியதற்கும் போடுங்கள். அதை எந்தப் பிள்ளையும் முயன்றால் பெற்றுவிடலாம்.

கடைசியாக ஒன்று. வீட்டைப் பார்த்து எழுதச் சொன்னால் வீட்டுக் கஷ்டங்களும் தாளில் வரும். குடி, கடன், அடி ஆகியவற்றைப் பற்றி ஒரு பிள்ளை எழுதியிருந்தால் அதன் அனுமதியின்றி வகுப்பில் வாசிக்கக் கூடாது. தாளின் மூலையில் ஒரு புள்ளி வைத்தால் ஆசிரியர் மட்டும்தான் படிப்பார் என்ற ஏற்பாட்டை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு ஆபத்து இருப்பதாக அதில் தெரிந்தால், அதனிடம் தனியாகப் பேசிவிட்டுத் தலைமையாசிரியரிடமோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ தெரிவிக்க வேண்டியிருக்கும் என்பதையும் அன்றே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.