மிசிசிப்பிக்கு மேற்கே: கேள்வி பதில்

கேள்வி: 1803இல் நெப்போலியன், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரந்து கிடந்த லூசியானாவை அமெரிக்காவுக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றார். ஏக்கர் மூன்று சென்ட்! இதைவிட மலிவான பேரம் உண்டா?

பதில்: கைமாறியது நிலம் என்றால் மலிவுதான். ஆனால் விற்கப்பட்டது, வேறு ஐரோப்பிய நாடு குறுக்கே வராமல் அங்கிருந்த பூர்வகுடிகளிடம் நிலம் பெறும் உரிமை. அதனால்தான் 1808இல் ஓசேஜ் மக்களோடு தனியாக உடன்படிக்கை எழுதி, மிசூரியின் பெரும்பகுதியை மறுபடியும் வாங்கினார்கள். பள்ளிப் புத்தகத்தில் ஒரே வண்ணம் பூசிய வரைபடத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: நெப்போலியன் ஏன் விற்றார்?

பதில்: பிரெஞ்சுக் காலனியான சான் டொமிங்கோவில் (இன்றைய ஹெய்ட்டி) அடிமைத்தளையை உடைத்தவர்களை அடக்கப் போன படை மஞ்சள் காய்ச்சலிலும் போரிலும் அழிந்தது, தளபதி லெக்ளேரும் 1802 நவம்பரில் இறந்தார். அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு உணவு அனுப்பத்தான் லூசியானா. தீவே இல்லாமல் அது எதற்கு? பிரிட்டனோடு போர் வேறு நெருங்கியது. அமெரிக்கத் தூதர்கள் கேட்கப் போனதோ முக்கியமாக நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தை. ஒஹாயோ பக்கத்து விவசாயியின் மாவும் பன்றி இறைச்சியும் தட்டைப் படகில் ஆற்றோடு இறங்கி அங்கேதான் கப்பலேற வேண்டும். 1802 அக்டோபரில், அப்போதும் அங்கே நிர்வாகம் செய்துகொண்டிருந்த ஸ்பெயினின் அதிகாரி அங்கே சரக்கு இறக்கி வைக்கும் உரிமையை நிறுத்தியதும் மேற்குப் பகுதியே கொதித்தது.

கேள்வி: நிலம் வாங்க அரசமைப்பில் இடமில்லை என்று அன்றைய அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனே நினைத்தாராமே?

பதில்: ஆம். திருத்த வரைவு கூட எழுதினார். பிறகு மடித்து வைத்துவிட்டார்.

கேள்வி (அவரே மீண்டும்): அப்படியானால் கொள்கை வெறும் பேச்சுதானே? அவசரம் என்பது சாக்கு.

பதில்: அவசரம் மெய். ஆறு மாதத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே இருந்தது. நெப்போலியன் மனம் மாறலாம் என்று பாரிசிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. ஆனால் உங்கள் கோபமும் நியாயம்தான். 1791இல் தேசிய வங்கிக்கு அரசமைப்பில் இடமில்லை என்று வாதாடியவர், இப்போது அந்தச் சிக்கலைப் பற்றிக் குறைவாகப் பேசுவதே நல்லது என்று எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அன்று வங்கிக்காக அரசமைப்பை இழுத்து நீட்டிய எதிர்க்கட்சியினரான ஃபெடரலிஸ்டுகள் இன்று அதன் எழுத்துக்கு எழுத்து காவலர்களானார்கள்! மேற்கே புது மாநிலங்கள் முளைத்தால், ஒவ்வொன்றும் இரண்டு செனட்டர்களை அனுப்பும். அவர்களுடைய கோட்டையான வடகிழக்கு நியூ இங்கிலாந்தின் குரல் அமுங்கும் என்ற பயம். செனட்டில் 24க்கு 7 என்று உடன்படிக்கை நிறைவேறியது.

கேள்வி: ஜெஃபர்சன் அனுப்பிய பயணக் குழுவின் தலைவர்கள் லூயிஸும் கிளார்க்கும் மேற்கைக் கண்டுபிடித்தது எப்போது?

பதில்: கண்டுபிடிக்கவில்லை. 1804 குளிர்காலத்தை மண்டான் பூர்வகுடிகளின் ஊர்களுக்கு அருகில் கழித்து, அவர்கள் விளைவித்த மக்காச்சோளத்தை வாங்கித் தின்று பிழைத்தார்கள்.

கேள்வி: ஏக்கர் மூன்று சென்ட் என்பது உண்மையா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். வரைபடத்தை மூடிவிட்டுப் படியுங்கள்.

கேள்வி: ஜெஃபர்சன் பூர்வகுடிகளிடம் பரிவு காட்டியவர் அல்லவா?

பதில்: 1803 பிப்ரவரியில் இண்டியானா ஆளுநர் ஹாரிசனுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பாருங்கள். அரசு வணிகக் கிடங்குகளில் அவர்களுடைய செல்வாக்குள்ளவர்கள் கடன்படட்டும். கடன் தலைக்கு மேல் ஏறினால் நிலத்தைக் கொடுத்துத் தீர்ப்பார்கள் என்பது கணக்கு. தனியார் வணிகரிடம் பட்ட கடனும் அதே வேலையைச் செய்தது. 1805இல் சோக்டா மக்கள் சுமார் 40 லட்சம் ஏக்கரை எழுதிக் கொடுத்தபோது அவர்களுக்குப் பேசிய தொகை 50,500 டாலர். அதில் 48,000 டாலர் வணிகர் கடனுக்கென்று உடன்படிக்கையிலேயே பிடித்துக்கொள்ளப்பட்டது.