அரிதாரம் ஒரு கல்லின் பெயர்

கேள்வி: அரிதாரம் என்றால் அரி + தாரம், அதாவது திருமாலின் துணைவி, திருமகளைப் போல முகத்தைப் பொலிய வைப்பதால் ஒப்பனைக்கு அந்தப் பெயர் வந்தது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். சரிதானா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: சரியில்லை. அப்படிப் பிரித்தால் திருமகள் என்று பொருள் வரும். ஆனால் அது வேறு சொல். ஒப்பனைக்குப் பெயர் தந்த அரிதாரம் ஒரு கல். ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம் அது. எடையில் 100க்கு 61 பங்கு ஆர்செனிக். வடமொழியில் ஹரிதாலம். அந்த ‘ஹரி’ இங்கே நிறத்தைக் குறிக்கிறது, கடவுளை அல்ல. மஞ்சள் கிழங்குக்கு ‘ஹரித்ரா’ என்ற பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். தமிழுக்கு வந்தபோது ஹகரம் அகரமாகி, லகரம் ரகரமானது. சித்த மருத்துவம் இதையே தாளகம் என்கிறது.

இதை அரைத்து முகத்தில் பூசியதால் கல்லின் பெயர் பூச்சுக்கு ஆயிற்று. கதகளியில் இந்த மஞ்சள் கல்லைத் தேங்காய் எண்ணெய் விட்டு இழைப்பார்கள். நீலம் கலந்தால் ‘பச்சை’ வேடத்தின் நிறம். அங்கே இந்த மஞ்சள் கல்லுக்குப் பெயர் மனயோல. அந்தப் பெயரோ ‘மனசிலை’யிலிருந்து வந்தது, மனோசிலை என்று நாம் சொல்வது இதன் செந்நிற உடன்பிறப்பை, அதாவது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கல்லை. பெயர்கள் இப்படி இடம் மாறும். அதனால்தான் ஒலியை மட்டும் வைத்துச் சொல்லைப் பிரிக்கக் கூடாது என்கிறேன்.

பாரசீகரும் நிறத்தைப் பார்த்தே பெயரிட்டார்கள்: ‘ஸர்’ என்றால் பொன், கல்லுக்கு ‘ஸர்னிக்’. அது கிரேக்கத்தில் ‘அர்செனிகான்’ ஆகி, பின்னாளில் ஆர்செனிக் என்ற தனிமத்துக்கே பெயரானது. வட இந்தியாவில் சுவடி எழுதுவோர் பிழையான எழுத்தின் மேல் இதைத் தடவி மறைத்தார்கள். இந்தியில் இந்தக் கல்லுக்கு ‘ஹர்தால்’ என்று பெயர்; ‘ஹர்தால் பேர்னா’ (அதைத் தடவுவது) என்றால் இன்றும் ‘செய்ததை அழித்துவிடுவது’. பத்திரிகைக்காரனுக்கு மிகப் பிடித்த செய்தி இது.

கந்தகமும் மஞ்சள்தான், குழம்ப வேண்டாம். அரிதாரம் இதழ் இதழாக உரியும், நகத்தால் கீறலாம்; அதே அளவுக் கந்தகத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். சூடாக்கி மட்டும் சோதிக்காதீர்கள். காற்றில் எரிந்தால் பூண்டு நாற்றம் வரும்; புகையாக எழுவது வெள்ளைப் பாஷாணம்.