கொம்பனி ஃபங்ஷனுக்குச் சிரிக்கச் சிரிக்கப் பேசுற ஆளை எப்பிடித் தெரிவு செய்யிறது?

கொழும்பில 180 பேர் வேலை செய்யிற கொம்பனி, டிசம்பர்ல வருசாந்த ஒன்றுகூடல், எம்.டி. இந்த முறை நித்திரை வாற உரை வேணாம், சிரிக்க வைக்கிற கீநோட் ஸ்பீக்கர், அதாவது பிரதான உரை பேசுற ஒராளைப் பாருங்க எண்டு சொல்லிட்டார், சிங்களம் தமிழ் முஸ்லிம் எல்லாரும் இருக்கினம், ஆரைக் கூப்பிடுறது எண்டு கேட்டிருக்கிறீங்க. நான் இங்க எச்.ஆர். பக்கம் 12 வருசமா இருக்கிறன், இப்பிடி ஏழெட்டு ஃபங்ஷனுக்கு ஆள் பிடிச்சுக் குடுத்திருக்கிறன், அதில ஒண்டு என்னால இண்டைக்கும் மறக்க ஏலாத மாதிரி பிழைச்சது. அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

நான் பாக்கிறது ஒரே ஒரு விசயம்தான். அவர் உங்கட ஆக்களைப் பற்றி உங்களிட்ட எவ்வளவு கேள்வி கேக்கிறார்? ஃபோன்ல கதைக்கேக்க எத்தினை மணிக்கு, எந்த ஹோட்டல், எவ்வளவு காசு எண்டு மூண்டு கேள்வியோட முடிச்சா நான் வேற ஆளைத் தேடுவன், அவரிண்ட வீடியோவை எத்தினை லட்சம் பேர் பாத்திருந்தாலும். வீடியோவில தெரியிறது வேற ஒரு கூட்டம், டிக்கெட் எடுத்து அவரைப் பாக்கவெண்டே வந்த கூட்டம். உங்கட ஸ்டாஃப் அப்பிடி வரேல்ல, வரச் சொன்னதால வந்திருக்கினம், பக்கத்தில பொஸ் இருக்கிறார், சிரிக்கிறதா வேணாமா எண்டு அவரிண்ட முகத்தைப் பாத்திட்டுத்தான் சிரிப்பினம்.

பிழைச்ச கதையைச் சொல்லுறன். அது நான் முந்தி இருந்த கொம்பனி, காலி வீதியில ஒரு ஹோட்டல் போல்ரூம். வந்தவர் நல்ல பிரபலம், வீடியோ பாத்து நானே சிரிச்சுத்தான் புக் பண்ணினன். தொடங்கிப் பத்து நிமிசத்தில தமிழ் ஆக்கள் சிங்களம் கதைக்கிற மாதிரி நடிச்சுக் காட்டத் தொடங்கிட்டார், எந்த எழுத்து எங்கட வாயில எப்பிடி மாறும் எண்டு. ஹோல் சிரிச்சது. என்ட மேசையில அக்கவுண்ட்ஸ் அண்ணா ஒராள் இருந்தவர், ஐம்பத்தஞ்சு வயசு தாண்டினவர், 83 ஜூலைக் கலவர நேரம் வெள்ளவத்தையில இருந்த பெடியன். வாளிக்குச் சிங்களத்தில சொல்லுற ‘பால்திய’ எண்ட சொல்லைச் சொல்லச் சொல்லித்தான் ரோட்டில மறிச்சு ஆர் தமிழன் எண்டு பாத்தவங்கள் எண்டு அந்தக் காலத்து ஆக்கள் எல்லாரும் சொல்லுவினம், நீங்களும் வீட்டில கேட்டிருப்பீங்க. அந்த அண்ணா கரண்டியைக் கீழ வைச்சார், மடியில கிடந்த நாப்கினை எடுத்து நாலா மடிச்சுத் தட்டுக்குப் பக்கத்தில வைச்சார், "நான் வெளிக்கிடுறன் பிள்ளை, பஸ் எடுக்கோணும்" எண்டு எழும்பிப் போட்டார். அப்ப நேரம் எட்டே முக்கால்தான்.

பேசினவர் கெட்டவர் இல்ல. அந்த ஹோல்ல ஆர் இருக்கினம் எண்டு அவருக்குத் தெரியாது, தெரிய வைக்க வேண்டிய ஆள் நான், நான் அவருக்கு அனுப்பினது கொம்பனி ப்ரொஃபைலும் லோகோவும்தான். அடுத்த நாள் அண்ணாட்டப் போய் மன்னிப்புக் கேட்டன், பரவாயில்ல பிள்ளை எண்டார், ஆனா அதுக்குப் பிறகு ஒரு வருச முடிவுக்கும் அவர் வரேல்ல.

சரி, நல்லா நடந்ததையும் சொல்லோணும். இப்ப இருக்கிறது சாமான் ஏத்தி இறக்கி அனுப்புற கொம்பனி, ஸ்டோர்ஸ் பேலியகொடைப் பக்கம். இந்த முறை கூப்பிட்டது ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருத்தரை, பட்டிமன்றம் பேசிப் பழகினவர், மூண்டு மொழியும் தண்ணி மாதிரி வரும். ஃபங்ஷனுக்கு ஒரு கிழமைக்கு முதல், ஸ்டோர்ஸைப் பாக்கோணும், கூட்டிக்கொண்டு போவீங்களா எண்டு அவராவே கேட்டார். போனா மெஷினையோ ராக்கையோ பெருசாப் பாக்கேல்ல, நேர கென்டீனுக்குப் போய் நிண்டுகொண்டு "பிள்ளை, இங்க எந்தக் கறி முதல்ல முடியும்?" எண்டு கேட்டார். எனக்குத் தெரியாது. பக்கத்தில நிண்ட செக்கியூரிட்டி ஐயா சொன்னார், கருவாட்டுப் பொரியல், பன்னெண்டே முக்காலுக்கு முடிஞ்சிடும், ஒண்டேகாலுக்கு வாற லோடிங் பெடியளுக்கு ஒருநாளும் கிடைக்கிறதில்ல எண்டு. வாத்தியார் சட்டைப் பொக்கற்றில இருந்து சின்னக் கொப்பி எடுத்து அதை எழுதினார். பிறகு சாப்பாடு போடுற அக்காட்டப் போய், அண்டைக்கு மேடையில உங்களைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கப் போறன், உங்களுக்கு ஓகேயா எண்டு சிங்களத்தில கேட்டார். அக்கா வெக்கப்பட்டுச் சிரிச்சுக்கொண்டு தலையாட்டினா.

ஃபங்ஷன் அண்டு மைக்கைப் பிடிச்சவுடன சிங்களத்தில தொடங்கினார். இந்தக் கொம்பனியில உண்மையான அதிகாரம் ஆரிட்ட இருக்கு எண்டு நான் ஒரு பகல் முழுக்கத் தேடினன், எம்.டி.ட்ட இல்ல, ஃபினான்ஸில இல்ல, கருவாட்டுச் சட்டிக்குப் பக்கத்தில கரண்டியோட நிக்கிற அக்காட்டத்தான் இருக்கு எண்டார். பின் மேசையள்ல இருந்த லோடிங் பெடியள் மேசையில தட்டித் தட்டிச் சிரிச்சாங்கள், அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டா, எம்.டி. கதிரையில சாய்ஞ்சு சிரிச்சார். அங்க இருந்து மெதுவா கஸ்டமர் பக்கம் கொண்டு போனார், கடைசி ட்ரிப்பில சாமான் போற கடைக்காரன் ஒவ்வொரு நாளும் ஒண்டேகாலுக்குச் சாப்பிட வாற பெடியன் மாதிரித்தான், மிஞ்சினதுதான் அவனுக்கு எண்டு. அதுக்கு ஆரும் சிரிக்கேல்ல, எல்லாரும் கேட்டுக்கொண்டு இருந்தாங்கள். இங்க பல்கலைக்கழக அழைப்பிதழ்கள்ல கீநோட்டுக்கு ஆதார சுருதி உரை எண்டு போடுவினமே, அது நல்ல சொல், பாட்டுக்கு முதல் சுருதி பிடிக்கிற மாதிரி அண்டைய நாளுக்கே சுருதி பிடிக்கிற பேச்சு அது. அதால ஆளைத் தேட முதல், பேச்சு முடிய உங்கட ஆக்கள் எதைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு வீட்ட போகோணும் எண்டு எம்.டி.ட்ட ஒரு வசனத்தில எழுதி வாங்குங்க. அது இல்லாட்டி வெறும் கொமெடி ஷோதான், அதுவும் வைக்கலாம், ஆனா அதுக்குக் கீநோட் எண்டு பேர் வைக்காதீங்க.

எங்க தேடுறது? மேடையில பேசிப் பழகுற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் கொழும்பில நிறைய இருக்கு, பெரிய கொம்பனியளுக்குள்ளயும் இருக்கு, அவையிட நகைச்சுவைப் பேச்சுப் போட்டியளைப் போய்ப் பாருங்க. ஆனா ஒண்டு, அதில பேசுற நேரம் 5 இல இருந்து 7 நிமிசம், ஏழு நிமிசம் வெட்டி வெட்டிச் செதுக்கின பேச்சு நல்லா வரும், அதே ஆள் அரை மணித்தியாலம் தாங்குவாரா எண்டது வேற, நீளமாப் பேசின இடம் ஒண்டைக் கேட்டு அங்க விசாரிங்க. தமிழ் ஆக்கள் கூட எண்டா கொழும்புத் தமிழ்ச் சங்கம், கம்பன் கழகம் மேடையள்ல பேசுற ஆக்களைப் பாருங்க, பட்டிமன்றத்தில எதிராளி சொன்னதை அந்த இடத்திலயே பிடிச்சுத் திருப்பிப் பழகினவைக்குக் கூட்டத்தைப் பாத்துப் பேச்சை மாத்தத் தெரியும். சென்னையில இருந்து பெரிய பேர் ஒண்டைக் கொண்டு வருவம் எண்டு எப்பிடியும் உங்கட ஒபீஸில ஒராள் சொல்லுவார். டிக்கெட், ஹோட்டல், விசா எல்லாம் ஒரு பக்கம், உங்கட சிங்கள ஸ்டாஃப் ஒண்டும் விளங்காம அரை மணித்தியாலம் ஃபோனைப் பாத்துக்கொண்டு இருப்பினம், அது எனக்கு மனசுக்கு ஒவ்வாது. மொழிபெயர்ப்பு ஹெட்செட் குடுக்கிறதும் வேணாம், ஒரு மாநாட்டில பாத்தன், ஒரு பக்கம் சிரிச்சு முடிய மற்றப் பக்கம் சிரிக்கும், பேசுறவர் நடுவில வாயைத் திறந்துகொண்டு நிப்பார்.

எதைத் தொடக்கூடாது எண்டதை எழுத்தில குடுங்க. மதம், இனம், ஆக்கள் கதைக்கிற விதம், பொம்பிளையளிண்ட உடம்பு, இந்த நாலும் எங்கட லிஸ்டில எப்பவும் இருக்கும். 2022 பெற்றோல் கியூ, காஸ் கியூ பகிடியளையும் ஒருக்கா யோசிங்க, கியூவில நிண்டு செத்த ஆக்களும் இருக்கினம். 2023 மே மாசம் இங்க ஒரு ஸ்டாண்ட்அப் கலைஞரை பௌத்தத்தைப் பற்றிச் சொன்ன பகிடிக்காக கட்டுநாயக்க எயார்போட்டில வைச்சுக் கைது பண்ணினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள்) சட்டத்தில, ஒரு மாசத்துக்கு மேல உள்ள இருந்து ஜூலையில மேல் நீதிமன்றத்திலதான் பிணை கிடைச்சது. ஒரு பகிடிக்கு அவ்வளவு நாள் அடைச்சு வைச்சது எனக்கு எந்த விதத்திலயும் சரியாப் படேல்ல. ஆனா எல்லாம் ஒரு வீடியோத் துண்டு பரவினதில தொடங்கினது, உங்கட ஹோல்லயும் 180 ஃபோன் இருக்கும். ரெக்கோர்ட் பண்ணலாமா, பண்ணினா எங்க போடலாம் எண்டு அவரோட முதல்லயே கதைச்சு வையுங்க, பேசுறவரையும் காப்பாத்த வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருக்கு.

காசு விசயம் சுருக்கமா: பாதி முற்பணம், மிச்சம் பேசி முடிய அண்டைக்கே, நாள் தள்ளிப் போனா என்ன செய்யிறது எண்டு ஒரு வரி. 2023 ஜனவரியில இருந்து தனியாளுக்குக் குடுக்கிற சேவைக் கட்டணம் மாசம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினா 5 வீதம் வரி பிடிச்சுத்தான் குடுக்கோணும், அதை முதலே சொல்லுங்க, செக்கைப் பாத்திட்டு அவர் மனம் நோகக்கூடாது.

ஹோல் செட் பண்ணுறதில கொஞ்சம் பிடிவாதமா நில்லுங்க. வட்ட மேசைக்குப் பத்துப் பேர் எண்டு போட்டா பாதிப் பேர் மேடைக்கு முதுகு காட்டிக்கொண்டு இருப்பினம், அதோட டான்ஸ் ஃப்ளோர் எண்டு முன்னுக்குப் பெரிய வெளி விடுவாங்கள், சிரிப்பு அந்த வெளியைத் தாண்டி வராது. மேசைக்கு ஆறு ஏழு பேர், அரை வட்டமா, மேடைக்குக் கிட்டவா போடச் சொல்லுங்க. பஃபே திறக்க முதல் பேச்சு முடியோணும், பார் திறந்த பிறகு தொடங்கவே கூடாது. 25, 30 நிமிசம் காணும். அவருக்குப் பிறகு உடன அவார்ட் வைக்காதீங்க, நேர சாப்பாட்டுக்கு விடுங்க, பேசினதைப் பற்றிக் கதைக்கிறது அந்த சாப்பாட்டுக் கியூவிலதான்.

டிசம்பர் எண்டா இப்பவே நாளைப் பிடிங்க, ஹோட்டலும் நல்ல பேச்சாளரும் சேர்ந்துதான் முடிஞ்சு போகும், உந்துவப் போயா, அதுதான் டிசம்பர் பௌர்ணமி லீவு, எண்டைக்கு எண்டு கலண்டரைப் பாத்திட்டு அதைத் தவிர்த்து வையுங்க. நாள் சரியானா கமெண்ட்ல போடுங்க, உங்கட ஆக்கள் கூடுதலா எந்த மொழி, ஃபக்டரியா ஒபீஸா எண்டதையும் சொன்னா, பேச்சாளருக்கு என்னென்ன எழுதி அனுப்புறது எண்டு நான் பாவிக்கிற அந்த ஒரு பக்கத்தை இங்கயே டைப் பண்ணி விடுறன்.