ஆம்ப்ளிஃபயருக்கும் மூச்சு முட்டும்

கேள்வி: எங்கள் புது வீட்டு ஹால் 18 அடி நீளம், 12 அடி அகலம். டிவிக்குக் கீழே ஆசாரி கண்ணாடிக் கதவு போட்டு அலமாரி செய்திருக்கிறார். அதற்குள் ஏ.வி. ரிசீவரையும் (டிவி சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி), பின்பக்க ஸ்பீக்கர்களுக்கென்று வாங்கிய பவர் ஆம்ப்ளிஃபயரையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கலாமா? இல்லை, பவர் ஆம்ப்ளிஃபயரை மட்டும் சோபாவுக்குப் பின்னால் வைத்துவிடலாமா? வயர் கண்ணில் படக்கூடாது என்பது வீட்டம்மாவின் உத்தரவு.
- ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் அந்தக் கண்ணாடிக் கதவைப் பற்றிப் பேசிவிடுவோம்.

முத்தியால்பேட்டையில் நான் குடியிருந்த வீட்டிலும் இதே மாதிரி ஒரு தேக்கு அலமாரி இருந்தது. தூசி படக்கூடாதென்று ஆம்ப்ளிஃபயரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். கத்திரி வெயில் நேரம். படத்தில் கிளைமாக்ஸ் வந்ததும் சத்தம் பட்டென்று நின்றது. கதவைத் திறந்தால் இட்லிப் பானை மூடியைத் தூக்கியது போல அனல். ஆம்ப்ளிஃபயரின் மேல்மூடியில் கை வைக்க முடியவில்லை. பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது. அது அதற்கு இருந்த புத்தி, எனக்குத்தான் இல்லை.

ரிசீவரைச் சும்மா போட்டு வைத்தாலே, ஒரு பழைய குண்டு பல்பை உள்ளே எரியவிட்ட மாதிரி சூடு வரும். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைத்துத் தரும் கப்பாசிட்டர்களுக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் சொல்லும் கணக்கு. எனவே மேலே ஒரு சாண், இரு பக்கமும் நாலு விரல் இடம் விடுங்கள். அலமாரியின் பின்பலகையை ஆசாரியிடம் சொல்லி வெட்டி எடுத்துவிடுங்கள். கதவு இருந்தே ஆக வேண்டுமென்றால், கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் ஃபேன் ஒன்றை மேல்பக்கம், காற்றை வெளியே தள்ளும்படி பொருத்தி 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டுங்கள். சத்தமே தெரியாது. இரண்டு பெட்டிகளையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் வையுங்கள். மேலே பின்னல் துணி விரித்துப் பிள்ளையாரை உட்கார வைக்காதீர்கள். அவருக்கும் சூடு தாங்காது.

அடுத்து சோபா யோசனை. அங்கே ஆம்ப்ளிஃபயரை வைத்தால் ரிசீவரிலிருந்து சிக்னல் வயரை நீளமாக இழுக்க வேண்டும். அதில் போவது மிக மெல்லிய சிக்னல். வழியில் கரண்ட் வயர் இருந்தால் அதன் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வரும். இரண்டு பெட்டிகளும் வேறு வேறு ப்ளக் பாயின்டில் இருந்தால், எர்த் வித்தியாசத்தால் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்க வாய்ப்பு அதிகம். ஸ்பீக்கர் வயருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே பெட்டிகள் டிவி பக்கத்தில் ஒரே ப்ளக் போர்டில் இருக்கட்டும். ஸ்பீக்கர் வயரை நீளமாக இழுங்கள். எலெக்ட்ரீஷியன் 'ரெண்டரை' என்பாரே, அந்த 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். சுவரோரமாகச் சுற்றிப் போனாலும் 10 மீட்டருக்குள் முடியும். போய்வர 20 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.15 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவு வயர் மட்டும் வேண்டாம். கரண்ட் பைப்பிலிருந்து ஓர் அடி தள்ளித் தனி பைப் போட்டுவிட்டால் வீட்டம்மாவும் சமாதானமாகிவிடுவார்.

அப்படியும் உறுமல் வந்தால், முதலில் செட்டாப் பாக்ஸில் நுழையும் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் திருடன் அங்கேதான் இருப்பான். உறுமலை நிறுத்துகிறேன் என்று ப்ளக்கின் எர்த் பின்னை உடைக்கும் 'வைத்தியம்' யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உயிரோடு விளையாடுவது.

நம் ஊருக்கென்று ஒன்று: சில்வர் பீச் உங்களுக்கு சைக்கிள் மிதிக்கும் தூரம். உப்புக் காற்றில் செம்பு நுனி பச்சைக் களிம்பு ஏறிவிடும். வருடத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் வெட்டிவிட்டு, புது நுனியைச் சீவி, பனானா ப்ளக்கில் (ஸ்பீக்கர் வயர் நுனிக்கு மாட்டும் செருகி) முடுக்குங்கள். அப்போதே டார்ச் அடித்து ஓட்டைகள் வழியே உள்ளே ஒரு பார்வை பாருங்கள். பழுதென்று என்னிடம் வந்த ஆம்ப்ளிஃபயர்களில் கருகிய பல்லியை எடுத்திருக்கிறேன், ஒருமுறை அல்ல. பல்லி நுழையாமல் வலை அடிக்கலாம், மெல்லிய துணி போட்டு மூடக்கூடாது.

கேள்வி: 50 வாட்ஸை விட்டு 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகுமா?
- ஒரு வாசகி, வில்லியனூர்

பதில்: ஆகாது. கூடுவது 3 டெசிபல்தான். 'கொஞ்சம் ஏறியிருக்கிறதோ' என்று தோன்றும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் தேவை. அந்தக் காசில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். அப்புறம், அட்டைப் பெட்டியில் பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்காக ஊதிக் காட்டும் வாட்ஸ் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதை விலை பேசக்கூட எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஆம்ப்ளிஃபயர் இரைகிறதே?
- ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டராக, அதாவது மின்சாரத்தைச் சீரான அலையாக இல்லாமல் சதுரம் சதுரமாக வெட்டித் தருவதாக இருக்கும். அந்த முரட்டு மின்சாரத்தில் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்ந்து இரையும், சூடும் ஏறும். வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் இன்வர்ட்டருக்கு மாறினால் அடங்கும். அதுவரை கரண்ட் போனதும் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்த பிறகு இருந்த இருட்டை நாம் பார்த்தவர்கள்தானே. பேட்டரி ஃபேனுக்கே இருக்கட்டும்.