பட்டணத்துப் பள்ளியா, பக்கத்துப் பள்ளியா?

கல்விப் பகுதிக்கு வந்த கடிதங்களுள் மூன்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்தவை. மூன்றிலும் இருப்பது, பிள்ளை படிப்பில் பின்தங்கிவிடுமோ என்ற ஒரே கவலைதான்.

கேள்வி: நான் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. முதலாம் ஆண்டுப் பதிவு நெருங்குகிறது. நடந்து போகும் தூரத்தில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ஆனால், அதில் நூறு மாணவர்கள்கூட இல்லை. ஈப்போவில் பெயர் பெற்ற சீனப்பள்ளியில் சேர்த்தால்தான் போட்டிக்குப் பழகுவாள் என்று என் அண்ணன் வற்புறுத்துகிறார். வேன் காலை ஐந்தரைக்கு வரும். எங்கள் வீட்டில் யாருக்கும் மாண்டரின் தெரியாது. மகளைப் பார்த்துக்கொள்ளும் என் தாயார் தமிழ் மட்டுமே பேசுவார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரரே, உங்கள் அண்ணனின் எண்ணத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி ஒன்றை நடத்த வேண்டும் என்று விதித்தது. அப்படி எழுந்த பள்ளிகள் பல, ஒற்றை அறையும் கற்பிக்கப் பயிற்சி பெறாத ஓர் ஆசிரியருமாக இருந்தன. அவற்றில் படித்தவர்கள் பெரும்பாலும் தோட்ட வேலைக்கே திரும்பினார்கள். அந்தக் காயம் நம் குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. ‘தமிழ்ப்பள்ளியில் போட்டால் பிள்ளை தோட்டத்தைத் தாண்டாது’ என்ற பேச்சின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால், உங்கள் மகள் சேரப்போவது அந்தக் காலத்துப் பள்ளியில் அல்ல. தேசியப்பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி ஆகிய மூன்றும் இன்று ஒரே தேசியக் கலைத்திட்டத்தைத்தான் பின்பற்றுகின்றன, பயிற்றுமொழிதான் வேறு.

அடுத்து, ‘பெயர் பெற்ற பள்ளி’ என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் ஒரு பள்ளியின் பெயர் பெரும்பாலும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய யு.பி.எஸ்.ஆர். என்ற அரசாங்கத் தேர்வில் அது காட்டிய ‘ஏ’க்களின் எண்ணிக்கையால் உண்டானது. 1988இல் தொடங்கிய அந்தத் தேர்வு கடைசியாக நடந்தது 2019இல். 2020இல் பெருந்தொற்றால் நின்றது, 2021இல் முற்றாக அகற்றப்பட்டது. அது நடந்த காலத்திலும் அந்த எண்ணிக்கை எதை அளந்தது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2015இல் எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்றவர்கள் நாடு முழுவதும் 38,000க்கும் மேல். வினாத்தாள் அமைப்பு மாறிய 2016இல் அந்தத் தொகை 5,000க்கும் கீழே இறங்கியது. ஓராண்டுக்குள் நாட்டுப் பிள்ளைகளின் அறிவு அவ்வளவு குறைந்துவிடுமா? பழைய வினாத்தாளுக்கு ஏற்ற பயிற்சிதான் பலனற்றுப் போனது. ஆகவே, பள்ளிச் சுவரில் தொங்கும் பழைய பதாகைகளைக் கொண்டு உங்கள் மகளின் எதிர்காலத்தைக் கணிக்காதீர்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்த செய்திக்கு வருகிறேன். அது காலை ஐந்தரை மணி வேன். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. ஐந்தரைக்கு வேன் ஏற வேண்டிய பிள்ளை நாலே முக்காலுக்காவது எழ வேண்டும். அப்படியானால் குறைந்தபட்சக் கணக்கான ஒன்பது மணி நேரத்துக்கே முதல் நாள் இரவு ஏழே முக்காலுக்கு அவள் உறங்கியிருக்க வேண்டும். நீங்கள் ஆலையிலிருந்து திரும்பிக் குளித்து, குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் நேரம் அதுதானே? ஏழு வயதுப் பிள்ளை பசியாறாமல், தூக்கக் கலக்கத்தோடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போய், பிற்பகல் வெயிலில் அதே தூரம் திரும்பி, பிறகு வீட்டுப்பாடத்துக்கு உட்கார வேண்டும். ஓரிரு வாரம் அல்ல, ஆறு ஆண்டுகள். எவ்வளவு நல்ல ஆசிரியர் கற்பித்தாலும், அந்தக் களைப்பு பாடத்தை ஏறவிடாது.

மொழியையும் எண்ணிப் பாருங்கள். சீனப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் மாண்டரினில்தான். முதல் இரண்டு ஆண்டுகள், பாடம் புரிவதற்கு முன் மொழியைப் பிடிப்பதிலேயே உங்கள் மகளின் வலு முழுவதும் போய்விடக்கூடும். அப்போது வீட்டில் துணைக்கு ஒருவர் வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லாததால், பிரத்தியேக வகுப்பு (டியூஷன்) முதல் மாதத்திலிருந்தே கட்டாயமாகிவிடும். அவள் அங்கே படித்தால், தமிழ் எழுதப் படிக்கக் கற்பிக்கும் பொறுப்பும் வீட்டின் மேல் விழும். சீனப்பள்ளியில் படித்து மும்மொழியிலும் நான்கு மொழியிலும் தேர்ந்த நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பெரும்பாலும் அவர்கள் மாண்டரின் பாலர்பள்ளியிலேயே தொடங்கியவர்களாகவும், பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களாகவும் இருப்பார்கள். உங்கள் நிலைமை அதுவல்ல.

உண்மையான மாற்றம் வருவது முதலாம் படிவத்தில், அதாவது இடைநிலைப்பள்ளியின் தொடக்க ஆண்டில். தேசிய இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் மலாய்மொழியில் நடக்கும். தமிழ்ப்பள்ளியிலிருந்தோ சீனப்பள்ளியிலிருந்தோ வரும் மாணவருள் மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு படித்த பிறகே முதலாம் படிவத்துக்குப் போவார். ஆகவே, அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். மலாய்மொழியையும் ஆங்கிலத்தையும் அந்தந்தப் பாடத்துக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள்தாம் கற்பிக்கிறார்களா, சில ஆண்டுகளாக ஒரே பள்ளியில் நிலைத்திருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மூன்று மொழிகளிலும் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்கிறார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலே எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். அடக்கமாகக் கேட்டால் எந்தத் தலைமையாசிரியரும் வருத்தப்படமாட்டார். கேட்டதற்காகவே ஒருவர் சினந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

மாணவர் எண்ணிக்கை குறைவு என்று தயங்குகிறீர்கள். 150 அல்லது அதற்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. இத்தகைய பள்ளியில் உங்கள் மகள் கடைசி வரிசையில் மறைந்து உட்கார முடியாது. அவள் எந்த எழுத்தில் தடுமாறுகிறாள் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். குழு விளையாட்டுக்கும் போட்டிகளுக்கும் ஆள் சேர்ப்பது அங்கே கடினம் என்பது மெய். மாணவர் மிகமிகக் குறைந்தால் இரண்டு ஆண்டு மாணவர்களைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்தும் நிலையும் வரலாம்; அதை மட்டும் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் முடிவைக் கேட்டீர்கள். மூன்றாம் ஆண்டு வாசிப்பைப் பற்றிய பதில் உங்களுக்கு நிறைவளித்தால், தமிழ்ப்பள்ளியிலேயே சேருங்கள். வேன் கட்டணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மலாய், ஆங்கிலக் கதைநூல்களை வாங்குங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். உங்கள் தாயாருக்கும் மகளின் படிப்பில் ஒரு பங்கு இருக்கும்: பேத்தி கொண்டுவரும் பாடத்தைப் பற்றி அவளோடு அவர் பேச முடியும்.

கேள்வி: என் மகன் நான்காம் ஆண்டில் படிக்கிறான். அறிக்கையில் கணிதத்துக்கு அடைவு நிலை 4 என்று வந்தது. நாத்தனார் மகனுக்கு 6. வாரத்தில் நான்கு இரவுகள் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்புகிறேன். இப்போது திங்கட்கிழமை காலைகளில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறான்; விடுமுறையில் அந்த வலி வருவதில்லை. நடிக்கிறான் என்கிறார் என் கணவர்.

பதில்: அம்மா, அவன் நடிக்கிறான் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். மன அழுத்தம் பிள்ளைகளுக்கு உண்மையான வயிற்று வலியாகவும் தலைவலியாகவும் வெளிப்படும். முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டி, உடல்நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விடுமுறையில் வருவதில்லை என்ற செய்தியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பள்ளியில் யாராவது அவனை மிரட்டுகிறார்களா என்பதையும் அமைதியாக விசாரியுங்கள். திங்கட்கிழமை அழுகைக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

வகுப்பறை மதிப்பீட்டில் அடைவு நிலைகள் ஆறு. மூன்றாம் நிலையே அடிப்படைத் திறனை அடைந்துவிட்டதைக் காட்டுவது. ஆறாம் நிலை, கற்றதைப் புதிய சூழலில் தானே பயன்படுத்திப் பிறருக்கும் முன்மாதிரியாக இருப்பதைக் குறிப்பது. நான்காம் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு மருந்தாக நான்கு இரவுகளைக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. வேறொரு பள்ளியில், வேறோர் ஆசிரியர் தம் மாணவரைப் பார்த்து இட்ட நிலையை உங்கள் மகனின் நிலையோடு ஒப்பிடவும் முடியாது. அந்த மதிப்பீடு தரவரிசைக்காக உருவாக்கப்பட்டதல்ல.

நான்கு வகுப்புகளில் மூன்றை இம்மாதமே நிறுத்துங்கள். எதை வைத்துக்கொள்வது என்று அவனையே கேளுங்கள். கணித ஆசிரியரைச் சந்தித்து, எந்தத் திறனில் அவனுக்குத் தடை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னமா, வகுத்தலா, வாசகக் கணக்கா என்று தெரிந்துவிட்டால் வீட்டில் நாளுக்குக் கால் மணி நேரம் போதும். மாலையில் அவன் வெளியே ஓடி விளையாடட்டும். நாத்தனாரிடம் மதிப்பெண் பேச்சைப் பிள்ளைகளின் காதுபட எடுக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு உறவுகள் கூடும்போது இது மிகவும் தேவைப்படும். இரண்டு மாதத்தில் அழுகை குறையாவிட்டால், அல்லது உறக்கமும் உணவும் கெட்டால், கிளினிக்கிற்கு மீண்டும் போய் மனநல ஆலோசனைக்குப் பரிந்துரை கேளுங்கள். அவசரமாகப் பேச வேண்டுமென்றால் அரசாங்கத்தின் ‘தாலியான் காசே’ உதவித் தொலைபேசிச் சேவையை 15999 எண்ணில் அழைக்கலாம்.

கேள்வி: என் பேரன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வை எடுத்துவிட்டார்களே, பிள்ளைகள் சோம்பேறிகள் ஆகிவிடமாட்டார்களா? நாங்கள் பிரம்படி வாங்கிப் படித்தவர்கள்.

பதில்: ஐயா, 2019இல் அந்தத் தேர்வுகள் அகற்றப்பட்டபோது பல பெரியவர்கள் இதையே கேட்டார்கள். தேர்வு நின்றதே தவிர மதிப்பீடு நிற்கவில்லை. ஆசிரியர் ஆண்டு முழுவதும் பிள்ளையின் வாசிப்பையும் பேச்சையும் எழுத்தையும் பார்த்துப் பதிந்துகொண்டே இருக்கிறார். நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டிறுதித் தேர்வும் உண்டு. ஏழு, எட்டு வயதில் தேர்வு பயத்தைத்தான் அதிகம் கற்றுத்தந்தது என்பது என் உறுதியான கருத்து. பேரன் படிக்கிறானா என்று நீங்களே அறிய விரும்பினால், பள்ளி நூலகத்திலிருந்து வாரம் ஒரு நூல் எடுத்துவரச் சொல்லி, உங்களுக்கு வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். இடையில் திருத்தாதீர்கள். தடுமாறும் சொற்களை ஒரு தாளில் குறித்து வைத்து, மாதம் ஒருமுறை வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். எழுத்தை அடையாளம் காண்பதில் தடையா, சொல்லின் பொருள் தெரியாததால் தடையா என்பதை அவர் அந்தத் தாளைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்.