நடுவழியில் நிற்கும் பழைய கார்: எந்த உதவித் திட்டம் கைகொடுக்கும்?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 2007ஆம் ஆண்டு வாங்கிய சான்ட்ரோ ஜிங் கார் இருக்கிறது. 15 ஆண்டுகள் முடிந்ததும் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டேன். இன்ஷூரன்ஸ் தேர்டு பார்ட்டி மட்டும்தான் போடுகிறேன். மகள் சென்னையில் இருப்பதால் திருச்சியிலிருந்து அடிக்கடி காரிலேயே போய் வருகிறோம். வழியில் நின்றுவிட்டால் உதவிக்கு ஆள் வரும்படி ரோடு சைடு அசிஸ்டென்ஸ் (ஆர்.எஸ்.ஏ.) திட்டம் ஒன்று எடுக்கலாம் என்று ஏஜென்டிடம் கேட்டால், “இந்த வண்டிக்கு அதெல்லாம் கிடைக்காது சார்” என்கிறார். அவர் சொல்வது சரியா? சரியில்லை என்றால் எதைப் பார்த்துத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: உங்கள் ஏஜென்ட் சொன்னது பாதி சரி. இன்ஷூரன்ஸ் பாலிசியோடு ஆட்-ஆனாக, அதாவது கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் வசதியாகத் தரப்படும் ஆர்.எஸ்.ஏ. பெரும்பாலும் நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கு ஈடு தரும் சொந்தச் சேத பாலிசியோடுதான் இணைக்கப்படுகிறது. தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு அதைச் சேர்க்க வழி இருப்பது அரிது. அதோடு, வண்டிக்கு இத்தனை வயதுக்கு மேல் தர மாட்டோம் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியை விட்டால் வேறு வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்.எஸ்.ஏ. சேவையை மட்டுமே தனியாக ஆண்டுச் சந்தாவுக்கு விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. கார் தயாரிப்பு நிறுவனங்களும் வாரன்ட்டி முடிந்த வண்டிகளுக்குப் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளும் திட்டங்களை வைத்திருக்கின்றன. சென்னையில் இயங்கும் தென்னிந்திய ஆட்டோமொபைல் அசோசியேஷன் போன்ற சங்கங்களும் உறுப்பினர்களுக்கு இந்த உதவியைச் செய்கின்றன. இந்த மூன்று இடங்களிலும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விசாரிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது வயது வரம்பு. இதில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. பணம் கட்டும்போது சில இணையதளங்கள் வண்டி எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு சந்தாவை ஏற்றுக்கொண்டுவிடும். வண்டி நின்றுபோய் நீங்கள் அழைக்கும்போதுதான் எதிர்முனையில் இருப்பவர் பதிவுத் தேதியைப் பார்த்து, “உங்கள் வண்டி திட்டத்துக்குள் வராது” என்று சொல்வார். ஆகவே வண்டி எண், பதிவான தேதி, ஆர்.சி. புதுப்பித்த விவரம் ஆகிய மூன்றையும் எழுதி, “இந்த வண்டிக்கு இந்தத் திட்டம் செல்லுமா?” என்று மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். வாயால் சொல்வதை நம்பிக் கட்ட வேண்டாம்.

அடுத்தது டோயிங் தூரம், அதாவது நின்றுபோன வண்டியை இழுத்துச் செல்லும் தூரம். பழைய காருக்கு ஆர்.எஸ்.ஏ. எடுப்பதில் முக்கியமான இடம் இதுதான். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான். பேட்டரி இறங்கினால் ஜம்ப் ஸ்டார்ட் செய்வது, பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டுவது, கொஞ்சம் பெட்ரோல் கொண்டுவந்து தருவது ஆகியவற்றை எல்லாத் திட்டங்களும் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அவற்றுக்கு நெடுஞ்சாலையோர மெக்கானிக் ஒருவரே போதும். வண்டியை அங்கே சரிசெய்யவே முடியாது என்ற நிலையில் எவ்வளவு தூரம், எந்த இடத்துக்கு இழுத்துச் செல்வார்கள் என்பதில்தான் ஒரு திட்டத்தின் உண்மையான மதிப்பு இருக்கிறது.

உங்கள் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். திருச்சியிலிருந்து சென்னை சுமார் 330 கி.மீ. உளுந்தூர்ப்பேட்டை அருகே கிளட்ச் போய்விட்டால், திரும்பித் திருச்சிக்கு வர ஏறத்தாழ 130 கி.மீ. இருக்கிறது, சென்னை அதைவிடத் தொலைவு. 50 கி.மீ. வரை இலவச டோயிங் என்ற திட்டம் அந்த இடத்தில் உங்களை ஊருக்குக் கொண்டுசேர்க்காது. “அருகிலுள்ள வொர்க்‌ஷாப் வரை” என்று மட்டும் எழுதியிருக்கும் திட்டமானால், அவர்கள் காட்டும் இடத்தில் வண்டியை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். புதிய காருக்கு அது பெரிய குறை ஆகாது, எந்த ஊர் சர்வீஸ் சென்டரிலும் உதிரிபாகம் வந்துவிடும். பதினெட்டு, இருபது ஆண்டு ஓடிய காருக்கு அப்படியில்லை. உங்கள் வண்டியில் எந்தப் பாகத்தை எப்போது மாற்றியது, எந்தக் கம்பெனிப் பாகத்தைப் போட்டது என்பதெல்லாம் உங்கள் திருச்சி மெக்கானிக்குக்குத்தான் தெரியும். முன்பின் தெரியாத ஊரில் வண்டியைப் போட்டுவிட்டு, பாகம் வரும்வரை காத்திருந்து, மறுபடியும் பஸ் ஏறிப் போய் எடுத்து வருவது பணத்தையும் உடம்பையும் சேர்த்துக் கரைக்கும். ஆகவே “வண்டி உரிமையாளர் சொல்லும் வொர்க்‌ஷாப்புக்கு” என்று விதிமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தா சற்றுக் கூடினாலும் 100 கி.மீ.க்கு மேல் இழுத்துச் செல்லும் திட்டமே உங்களுக்கு ஏற்றது. இலவசத் தூரத்தைத் தாண்டினால் கி.மீ.க்கு எவ்வளவு என்பதையும், அந்தத் தூரத்தை வண்டி நின்ற இடத்திலிருந்து கணக்கிடுவார்களா அல்லது இழுத்துச் செல்ல வரும் ரெக்கவரி வண்டி தன் இடத்திலிருந்து புறப்பட்டுத் திரும்பும் முழுத் தூரத்துக்கும் கணக்கிடுவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது முறையில் கணக்கிட்டால், இலவசம் என்று சொல்லப்படும் தூரம் பாதியாகிவிடும்.

ஆண்டுக்கு எத்தனை முறை அழைக்கலாம், ஒரே பழுதுக்கு இரண்டாம் முறை வருவார்களா, சந்தா கட்டிய எத்தனை நாள் கழித்துச் சேவை தொடங்கும் என்பவையும் விதிமுறைகளில் இருக்கும். கடைசியில் சொன்னதைக் கவனிக்க வேண்டும். நாளைக் காலை புறப்படுவதற்கு இன்று இரவு சந்தா கட்டினால் பலன் இல்லாமல் போகலாம். எந்தத் திட்டத்திலும் உதிரிபாகத்தின் விலை நம் பொறுப்புதான். வருகிற மெக்கானிக் கையில் சான்ட்ரோவின் கிளட்ச் கேபிள் இருக்காது. ஃபேன் பெல்ட், கிளட்ச் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ், நாலைந்து ஃபியூஸ் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்திருந்தால், டோயிங் தேவைப்படும் பல பழுதுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஊருக்குள் மட்டுமே ஓட்டுகிறவர் இவ்வளவும் பார்க்கத் தேவையில்லை. தன் மெக்கானிக்கின் எண்ணும், பக்கத்தில் ரெக்கவரி வண்டி வைத்திருப்பவரின் எண்ணும் கைப்பேசியில் இருந்தால் அவருக்குப் போதும் என்பதே என் கருத்து.

கேள்வி: நான் ஃபுல் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறேன். பாலிசியில் வண்டியை எடுத்துச் செல்ல 1,500 ரூபாய் வரை தருவதாக இருக்கிறது. அப்படியிருக்க ஆர்.எஸ்.ஏ. தனியாக எதற்கு?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்த 1,500 ரூபாய் விபத்துக்கானது. பாலிசியில் ஈடு பெறத்தக்க விபத்து நேர்ந்து வண்டி ஓட முடியாமல் போனால், அருகிலுள்ள வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுசேர்க்க ஆகும் செலவுக்கு அதுவே உச்சவரம்பு. தேய்மானம், இயந்திரப் பழுது, மின்பழுது ஆகியவை அதே பாலிசியில் விலக்கப்பட்டவை என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கும். என்ஜின் தானாக நின்றுபோனால் அந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாயும் வராது.

கேள்வி: கோவையில் அப்பா வைத்திருந்த அம்பாசடர் காரைப் பராமரித்து வருகிறேன். குடும்பத்தோடு ஊட்டிக்கு அதில்தான் போவோம். போன முறை பர்லியாறு தாண்டியதும் என்ஜின் சூடேறி நின்றுவிட்டது. வந்த ரெக்கவரி வண்டிக்காரர் முன் பம்பரில் சங்கிலியைப் போட்டு இழுக்கப் பார்த்தார். நான் மறுத்துவிட்டேன். இந்த மாதிரி வண்டிக்கு எந்தத் திட்டம் எடுப்பது?
– வாசகர், கோவை

பதில்: நீங்கள் மறுத்தது மிகச் சரி. அம்பாசடர் பின்சக்கர இழுவை உள்ள வண்டி. முன்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரங்கள் தரையில் உருளும்படி நெடுந்தூரம் இழுத்தால், சக்கரத்தோடு சேர்ந்து, என்ஜின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டிஃபரன்ஷியலும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் கியர்பாக்ஸின் ஒரு பகுதியும் சுற்றிக்கொண்டே வரும். என்ஜின் ஓடாமல் அவை அப்படிச் சுற்றும்போது கியர்பாக்ஸில் எண்ணெய் எல்லா இடத்துக்கும் சரியாகப் போய்ச் சேராது. மலைப்பாதையில் சங்கிலி போட்டு இழுப்பது அதைவிட ஆபத்தானது. பம்பர் வளைவதோடு போகாது, வளைவில் இரண்டு வண்டியும் கட்டுப்பாட்டை இழக்கும். உங்களுக்கு ஃபிளாட்பெட் வண்டி, அதாவது நான்கு சக்கரமும் மேலே ஏறிவிடும் தட்டையான மேடையுள்ள வண்டி, கட்டாயம் வேண்டும். “ஃபிளாட்பெட் கிடைத்தால் அனுப்புவோம்” என்று சொல்லும் திட்டத்தை ஒதுக்கிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே அறிவுரைதான். அந்த கியர்பாக்ஸுக்கு எண்ணெய் அனுப்பும் பம்ப் என்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும்.

நீலகிரிக்கு அடிக்கடி போகிறீர்கள் என்பதால், மலைச்சாலையில் அந்த நிறுவனம் சேவை தருகிறதா, தந்தால் தனிக் கட்டணம் உண்டா, வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து வருமா கோவையிலிருந்து வருமா என்று கேளுங்கள். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் ரெக்கவரி வண்டிக்காரர் ஒருவரின் எண்ணைத் தனியாகவும் வைத்துக்கொள்வது நல்லது. அம்பாசடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது, இப்போது அதைத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகவே முதல் பதிலில் சொன்னபடி “உரிமையாளர் சொல்லும் வொர்க்‌ஷாப்” என்ற விதி உங்களுக்கு இன்னும் அவசியம்.

ஃபிளாட்பெட்டில் ஏற்றும்போது வண்டியின் நான்கு பக்கத்தையும், ஓடோமீட்டரையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டும் பெல்ட் சக்கரத்தின் மேல் போகட்டும், பம்பரிலோ ஸ்டியரிங் ராடிலோ வேண்டாம். சொந்தச் சேதத்துக்கான பாலிசி இருந்தால், சாலை வழியாக ஏற்றிச் செல்லப்படும்போது வண்டிக்கு நேரும் சேதமும் அதில் அடங்கும்.

இன்னொன்று. பெட்ரோல் அம்பாசடரோ பழைய பத்மினி காரோ வெயிலில் ஏற்றம் ஏறும்போது நின்றுவிட்டால், எல்லா நேரமும் அது பெரிய பழுதாக இருக்காது. கார்புரேட்டருக்குப் போகும் வழியிலேயே பெட்ரோல் சூட்டில் ஆவியாகி, பம்ப் இழுக்க முடியாமல் திணறும். பானெட்டைத் திறந்து வைத்து, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி, அரை மணி நேரம் ஆறவிட்டால் பெரும்பாலும் கிளம்பிவிடும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடு தணியும் முன் திறந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஓசூரில் வேலை பார்க்கிறேன். வார இறுதியில் இரவில் தனியாக என் பழைய ஆல்டோவை ஓட்டிக்கொண்டு சேலம் வருவேன். ஆர்.எஸ்.ஏ. எடுத்திருக்கிறேன். இருந்தாலும் ஆள் வந்துசேரும் வரை என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, சேலம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. எந்த நிறுவனமும் குறித்த நேரத்துக்குள் வந்துவிடும் என்று இரவில் உறுதி சொல்ல முடியாது. தேசிய நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி உள்ள பகுதிகளில் நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண்ணான 1033ஐ முதலில் அழையுங்கள். சந்தா எதுவும் தேவையில்லை. ரோந்து வண்டியும் கிரேனும் அவர்களிடம் இருக்கும். அவர்கள் உங்கள் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோக மாட்டார்கள், ஆனால் சாலையிலிருந்து அகற்றிப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பார்கள். அங்கே நின்றுகொண்டு ஆர்.எஸ்.ஏ. வண்டிக்காகக் காத்திருக்கலாம். இடத்தைச் சொல்ல ஓரத்துக் கி.மீ. கல்லில் உள்ள எண்ணையும், கடைசியாகத் தாண்டிய சுங்கச்சாவடியின் பெயரையும் சொல்லுங்கள். யாராவது தொந்தரவு செய்தால் 112 (அவசர உதவி) அல்லது 181 (பெண்கள் உதவி எண்).

வண்டியை முடிந்தவரை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, சிவப்பு முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் ஐம்பது மீட்டர் தள்ளி வையுங்கள். பின்னாலிருந்து லாரி மோதும் ஆபத்து உண்டு என்பதால் இடதுபுறக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நில்லுங்கள். அங்கே ஆள் நடமாட்டம் அச்சமூட்டினால் மட்டும், கதவுகளைப் பூட்டி சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உள்ளே இருக்கலாம்.

தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும் பாதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே என்ஜின் நின்றுவிட்டால், பிரேக் பெடலை எளிதாக அழுத்த உதவும், என்ஜின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடம் (வேக்குவம்) இரண்டு மூன்று அழுத்தத்தில் தீர்ந்துவிடும், அதன் பிறகு பெடல் கல்லைப் போல் கெட்டியாகும். பிரேக் போய்விட்டது என்று எண்ணிப் பதற வேண்டாம். காலை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக முழுப் பலத்தோடு அழுத்தினால் வண்டி நிற்கும். சாவியை முழுவதும் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: சந்தா கட்டிய ஆர்.எஸ்.ஏ. நிறுவனம் அழைத்தும் வரவில்லை. வெளியாள் வைத்து இழுத்து வந்தேன். பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முயலுங்கள். அது இன்ஷூரன்ஸ் பாலிசியின் ஆட்-ஆன் என்றால், முதலில் அந்தக் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. தனிச் சந்தா என்றால் அது காப்பீடு ஆகாது, சேவை ஒப்பந்தம்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். இரண்டுக்கும் அழைத்த நேரம் தெரியும் கைப்பேசிப் பதிவு, அவர்கள் கொடுத்த கோரிக்கை எண், வெளி ரெக்கவரி வண்டிக்காரர் எழுதிக் கொடுத்த ரசீது ஆகிய மூன்றும் வேண்டும். ரசீதில் எங்கிருந்து எங்கே, எத்தனை கி.மீ., வண்டி எண் என்ன என்பவை இல்லாவிட்டால் இப்போதே அவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.