எல்லைக்கோடுகளில் ஆர்வமுள்ள மகளுக்கு மருத்துவம் எதற்கு?

பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

எஸ்.பி.எம். எனப்படும் மலேசியப் பள்ளி இறுதித் தேர்வில், அறிவியல் பிரிவில் நல்ல தேர்ச்சி பெற்ற மகள், போருக்குப் பின் நாடுகளின் எல்லைகள் மாறிய கதையையே எந்நேரமும் படிக்கிறாள், அத்தையும் பெரியப்பாவும் மருத்துவத்தை வற்புறுத்துகிறார்கள், வீட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது, ஆனாலும் வைக்காதீர்கள். தனியார் கல்லூரியில் மருத்துவம் முடிக்க மூன்று லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் செலவாகும். 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில்தான் அரசுப் பணியில் சேர்க்கப்படுகிறார்கள். அறிவுரை சொல்லும் உறவினர்கள் யாரும் மாதத் தவணை கட்டப்போவதில்லை.

அவளுக்குப் பொருந்தும் படிப்பு ஒன்று உண்டு. நம்மவர்கள் அதைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. அது ஜியோமேட்டிக்ஸ், அதாவது நில அளவைத் துறை. முதல் உலகப் போருக்குப் பின் வந்த 1920இன் ட்ரியானோன் உடன்படிக்கையால் ஹங்கேரி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலத்தை இழந்தது. அங்கே காகிதத்தில் எழுதப்பட்ட கோட்டை வயலிலும் ஆற்றங்கரையிலும் அளந்து குறிக்கத் தனி எல்லை ஆணைக்குழுக்கள் வேண்டியிருந்தன. அவ்வளவு தூரம் போவானேன்? இரண்டாம் உலகப் போரில் மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பான் 1943இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவற்றைத் தாய்லாந்திடம் ஒப்படைத்ததால், உங்கள் ஊருக்கு வடக்கே மூடா ஆற்றைக் கடந்தால் போர் முடியும்வரை தாய்லாந்து நிர்வாகம் இருந்தது. போருக்குப் பின் மீண்டும் நடைமுறைக்கு வந்த 1909 ஆங்கிலேய-சயாம் ஒப்பந்த எல்லை, பெரும்பகுதி மலைகளின் நீர்பிரி முகட்டையும் (மழைநீர் இருபுறமும் பிரிந்து ஓடும் உச்சிக்கோடு) கிழக்கே கோலோக் ஆற்றையும் பின்பற்றுகிறது. முகடு எங்கே ஓடுகிறது, ஆற்றின் ஆழமான ஓட்டம் எது என்பதையெல்லாம் களத்தில் இறங்கி அளந்தால்தான் சொல்ல முடியும்.

ஜொகூரில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பட்டப்படிப்பு உள்ளது. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால், தனியார் மருத்துவக் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் செலவு குறைவு. செயற்கைக்கோள் நிலைகாண் கருவிகள், கடலடி அளவை, வரைபடத் தரவு, நிலச் சட்டம் எல்லாம் பாடத்தில் வரும். நாட்டின் எல்லைப் பணி ஜூபெம் எனப்படும் அளவை, வரைபடத் துறையிடம் உள்ளது. அங்கே இடம் கிடைக்காவிட்டாலும் தனியார் அளவை நிறுவனங்களிலும் கட்டுமானத்திலும் வேலை உண்டு. உரிமம் பெற்ற அளவையாளராவதற்குப் பட்டத்துக்குப் பின் பயிற்சியும் வாரியத் தேர்வும் தேவை, அதில் சில ஆண்டுகள் போகும். பெண் பிள்ளை வெயிலில் அலைவதா என்று அத்தை நிச்சயம் கேட்பார். அதற்கு மகளே பதில் சொல்லட்டும்.

கணிதம் அவளுக்குப் பிடிக்காவிட்டால் இதையும் திணிக்காதீர்கள். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்துக்கு முன் ஓர் அளவை நிறுவனத்தில் அனுமதி கேட்டு ஒரு வாரம் களப்பணியைப் பார்க்கச் செய்யுங்கள். அதுவரை எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்திட வேண்டாம்.